மேட்டூர் மின்சாரமும் வீட்டு மண்ணும்

காவிரிக்குக் குறுக்கே 1934-ஆம் ஆண்டில் நிறைவெய்திய மேட்டூர் அணையின் அடியில், 1937-இல் மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. சேலம், நாமக்கல் ஊர்களில் விளக்கு எரிந்த கதையைப் பலரும் பெருமையுடன் சொல்வர். வீட்டுக்குள் நுழைந்த மின்சாரத்துக்கு எத்தகைய பாதை அமைத்தோம் என்பதைப் பேசுவோர் சிலரே.

தொடக்கத்தில் இரண்டு மூன்று விளக்குகள்; மெல்லிய கம்பியே போதுமாயிருந்தது. பின்னர் விசிறி, இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் மோட்டார் என ஒவ்வொன்றாக வந்தன. கம்பியோ பழையதே. மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். பியூஸ் அடிக்கடி போகிறதென்று அதில் தடித்த கம்பியைச் சுற்றினால், பியூஸ் பிழைக்கும். சுவரோரக் கம்பி எரியும்.

நில இணைப்பு இன்னும் நுட்பமானது. நுகர்வோர் இடத்தில் அதற்கென ஒரு முனையை மின்சாரம் வழங்குவோரே அமைத்துத் தரவேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் பணித்தன. ஆயினும் விதி வேறு, மண் வேறு. நம் பக்கத்து நிலம் பெரும்பாலும் கடும்பாறை. அதன்மேல் செம்மண் போர்வை. கோடையில் ஈரம் வற்றினால் மண்ணின் மின்தடை ஏறிவிடும். குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் இட்டு, மேலே புனல் வைத்து நீர் வார்ப்பது இதனால்தான். அந்த நீரை வீண் என்று எண்ணும் வீடுகளும் உண்டு!

கணக்கைப் பாருங்கள். மண்ணின் தடை 20 ஓம் எனில், 230 வோல்ட்டில் பழுதான மோட்டாரிலிருந்து நிலத்துக்குப் பாய்வது சுமார் 11 ஆம்பியர். 15 ஆம்பியர் பியூஸ் உருகாது. நில இணைப்பு இருந்தும் மோட்டாரின் கூடு மின்னேறியபடியே நிற்கும். இன்று 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் கருவிகள் வந்துவிட்டன. அவற்றைப் பொருத்திய வீட்டிலும் கிணற்றடிக் குழிக்குக் கோடையில் நீர் வார்க்கத்தான் வேண்டும்.