எழுத்தை உதறிய கொடி

கொடியில் எழுத்துப் பொறிப்பது வீண் வேலை. காற்றில் துணி மடிந்தாடுகையில் அதனைப் படிக்க இயலாது. மறுபுறம் நின்று நோக்கினால் எழுத்துக்கள் இடம்வலமாக மாறித் தோன்றும். இதனை நாணிக் கற்ற நகரம் ஒன்றுண்டு. அது அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்திலுள்ள பொக்கட்டெல்லோ.

அந்நகரின் பழைய கொடியில் ஊரின் பெருமை பேசும் விளம்பர வாசகம் ஒன்று இருந்தது. அதன் அடியிலோ, வணிகக்குறி உரிமையையும் பதிப்புரிமையையும் அறிவிக்கும் பொடி எழுத்துக்கள்! ஊர்ப்பொதுவான கொடிக்கு உரிமை அறிவிப்பு எதற்கோ? 2004இல் வட அமெரிக்கக் கொடியியற் கழகத்தார் 150 நகரக் கொடிகளை மதிப்பிட்டபோது, இக்கொடிக்கே கடைசி இடம் கிட்டியது. முதலிடம் பெற்ற வாசிங்டன் நகரக் கொடி 1938இல் ஏற்கப்பட்டது. அதில் மூன்று செந்நிற விண்மீன்களும் இரண்டு செம்பட்டைகளுமன்றி ஓர் எழுத்தும் இல்லை.

ஆயினும் பத்தாண்டுக்கு மேலாகப் பொக்கட்டெல்லோவில் மாற்றம் நிகழவில்லை. தரப்பட்டியல் செய்யாததை நகைப்பொலி செய்தது. 2015இல் வானொலியாளர் ரோமன் மார்ஸ், நகரக் கொடிகளைப் பற்றிய தம் சொற்பொழிவில் இக்கொடியை அவையோர் சிரிக்கக் காட்டினார். அப்பேச்சு உலகெங்கும் பரவிற்று. பின்னரே நகரத்தார் குழு அமைத்து, பொதுமக்களிடம் வரைவுகள் கோரினர். 2017இல் நகர மன்றம் புதுக்கொடியை ஏற்றது: செந்நிற மலைமுகடுகள் மூன்று, பொன்னிறத் திசைகாட்டி, அடியில் ஆற்றைக் குறிக்கும் நீலக்கோடு. ஊரின் பெயர்கூட அதில் இல்லை.