அஞ்சடியும் முதியோர் நடையும்

ஒரு நகரின் பெருமையை அதன் வானளாவிய மாளிகைகளைக் கொண்டு அளப்போர் பலர். அந்நகரில் முதியவர் ஒருவர் அச்சமின்றி நடக்க இயலுமா என வினவுவோர் சிலரே. சிங்கப்பூர் வரலாற்றை இவ்வினாவோடு அணுகுவோர்க்கு முதலில் கிட்டும் சான்று, நம்மவர் ‘அஞ்சடி’ என வழங்கும் ஐந்தடி நடைபாதையே ஆகும். மலாய் மொழியினர் இதனைக் ‘காக்கி லீமா’ என்பர்.

1822ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ராஃபிள்ஸ் நகரமைப்புக் குழுவினர்க்கு அறிவுரைகள் விடுத்தார். ஒவ்வொரு வீட்டின் முன்னும் தாழ்வாரம் அமைதல் வேண்டும். அது தெருவின் இருமருங்கும் கூரையுடன் தொடர்ந்து சென்று, எந்நேரமும் திறந்திருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. வெயிலும் மழையும் மாறி மாறி வரும் இத்தீவில் நடப்போர்க்கு அது நிழலும் குடையும் ஆயிற்று.

எனினும், பாதை ஒன்று. உரிமை கோரியோரோ இரு திறத்தார். நடப்போர் அதனை வழி என்றனர். வணிகர் தம் கடையின் நீட்சி என்றனர். 1888 பிப்ரவரியில் நகராட்சியினர் தாழ்வாரத் தடைகளை அகற்ற முற்பட்டபோது கடைகள் அடைக்கப்பட்டன, கலகம் மூண்டது. ‘தாழ்வாரக் கலகம்’ என வரலாற்றில் இடம்பெற்றது அதுவே.

தடைகள் ஒருபுறமிருக்க, தளமும் ஒரு சீராய் அமைந்ததில்லை. அவரவர் மனைக்கேற்ப அவரவர் தளமிட்டமையால், ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குச் செல்லப் படி ஏறவும் இறங்கவும் நேர்ந்தது. 1989இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்ட லிட்டில் இந்தியாவில் இன்றும் இதனைக் காணலாம். பூக்கடை முன் சிந்திய நீரும் மெருகேறிய ஓடும் சேருமிடத்தில் இளையோரே கால் நிதானிக்க வேண்டியுள்ளது.

முதியோர் நிலை யாது? முன்வைத்த காலின் குதிகால் தரையைத் தொட்டு, உடற்பாரம் அதன்மேல் மாறும் கணமே வழுக்குதற்குரிய கணம். போதிய உராய்வு இல்லையேல் கால் முன்னோக்கிச் சறுக்கும். இளைஞர் மறுகாலை விரைந்து ஊன்றிச் சமாளிப்பர். தசை வலிமை குன்றி, பார்வை மங்கிய முதியோர்க்கு அஃது எளிதன்று. ஆதலின் அவர் அடியைச் சுருக்கி, பாதத்தைத் தட்டையாக ஊன்றி, மெல்ல நடக்கின்றனர். குறுகிய அடி வழுக்கலைக் குறைக்கும். ஆயின் பாதம் மிகுதியாக உயராமையால் சிறு மேடும் இடறுகல்லாகும். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தோருள் பலர் பழைய நடையை மீளப் பெறுவதில்லை. எலும்பு முறியாதவரையும் அச்சம் வீட்டிற்குள் முடக்கும். முடங்கினால் தசை மேலும் தளரும். தளர்ந்தால் மீண்டும் விழும் இடர் பெருகும்.

அண்மைக் காலத்தில் இந்நிலை உணரப்பட்டுள்ளமை மகிழ்ச்சிக்குரியது. 2009இல் தொடங்கிய ‘கிரீன் மேன் பிளஸ்’ ஏற்பாட்டின்படி, மூத்தோர் தம் சலுகை அட்டையைக் காட்டினால் சாலையைக் கடக்கும் பச்சை விளக்கு கூடுதல் நொடிகள் எரியும். 2012இல் வந்த ‘ஈஸ்’ திட்டம் வீவக வீடுகளின் குளியலறைத் தரைக்கு வழுக்காப் பூச்சும், பற்றி நிற்கக் கைப்பிடியும் அளிக்கிறது. 2013இல் அறிவிக்கப்பட்ட கூரையிட்ட இணைப்புப் பாதைத் திட்டம், 1822இன் எண்ணத்தை எம்ஆர்டி நிலையங்களிலிருந்து குடியிருப்புகள் வரை நீட்டியது எனலாம்.

ஆயினும் சட்டம் அமைக்கும் பாதையை ஒரு பெட்டியோ, ஒரு வாளி நீரோ அடைத்துவிடும். வணிகரின் பிழைப்பும் நமக்கு வேண்டுவதே; அதன்பொருட்டு ஊன்றுகோல் பிடித்தவர் ஊர்திகள் விரையும் சாலையில் இறங்க நேர்வது முறையன்று. ஆசிரியர்கள் மாணவரைத் தேக்காவிற்கு அழைத்துச் சென்று, அஞ்சடியின் படிகளை எண்ணச் செய்வார்களாக. ஒவ்வொரு படியருகிலும் நின்று, தம் பாட்டியார் இதனைக் கடப்பாரா என்று அம்மாணவர் எண்ணிப் பார்ப்பின், வரலாற்றுப் பாடம் பயனுடையதாகும்.