கடைசலும் குருவிக்கூடும்

தயிரைக் கடைவது அடுக்களைக் காரியம். தேக்கங்கட்டையைத் தொட்டிற்காலாகக் கடைவது பட்டறைக் காரியம். இவ்விரண்டையும் ஒரே வினைச்சொல் ஆள்வதற்குரிய காரணம், அச்சொல் குறிக்கும் அசைவிலேயே பிரத்தியட்சமாக இருக்கிறது. மத்தின் தண்டில் கயிற்றைச் சுற்றி இரு நுனிகளையும் மாறி மாறி இழுத்தால், தண்டு ஒரு முறை வலமாகவும் மறுமுறை இடமாகவும் சுழலும். பண்டையோர் தீக்கடைகோலைச் சுழற்றி அக்கினியை எழுப்பியதும், இரு முளைகளுக்கிடையே நிறுத்திய கட்டையைச் சுழலவிட்டு உளியால் உருவம் தந்ததும் இதே முறையினால்தான். எகிப்து தேசத்துத் துனா எல் கெபெலில், கி.மு. 300ஐ ஒட்டி எழுந்த பெட்டோசிரிஸ் என்னும் புரோகிதரின் சமாதியில், ஒருவன் வாரைப் பற்றி இழுக்க மற்றொருவன் உளி பிடிக்கும் சிற்பம் ஒன்றுண்டு. கடைசற் பட்டறையைக் காட்டும் மிகப் பழைய உருவங்களுள் ஒன்றாகிய அதைக் காணும் தமிழருக்கு, மோர்ப்பானையின் ஞாபகம் வராமற் போகாது.

காய்ச்சல், மேய்ச்சல் என்பவற்றின் இனமாகிய தொழிற்பெயரே கடைசல். மின்சார மோட்டார் வந்தபின் கட்டை ஒரே திசையில் ஓயாது சுழல்கிறது. கடையும் இயந்திரத்துக்கு லேத்து என்னும் பெயரும் பட்டறைகளில் வேரூன்றிவிட்டது. ஆயினும் 'கடைசல் பிடித்தல்' என்ற வழக்கு, கயிறு மறைந்த பின்னும் நிலைத்திருக்கிறது.

சொல்லின் பொருளில் மற்றொரு விசேஷமும் உண்டு. கடைந்தால் சாரம் வெளிப்படும் என்ற அனுபவத்தால், 'கடைந்தெடுத்த' என்பது கலப்பற்ற முழுமையைக் குறிக்கலாயிற்று. பின்னர் அது பெரும்பாலும் அயோக்கியர்களுக்கே அடைமொழியாயிற்று. ஆனால் மரத்தில் கட்டிற்காலைக் கடையும்போது, சீவல் உதிர்ந்தபின் நிற்கும் மரமே பண்டம். மரத்தாலான குருவிக்கூடு கடைபவரோ, நன்கு உலர்ந்த உருளைக்கட்டையின் வெளிப்புறத்தைத் திரட்டியபின், அதன் உள்ளே உளி செலுத்திக் குடைந்து, கூம்புக் கூரையைத் தனியே கடைந்து பொருத்தி, சிட்டுக்குருவி நுழையச் சுமார் 32 மில்லிமீட்டர் அகலத்தில் வாயில் துளைக்கிறார். சுவரை மிக மெல்லியதாக்கினால் வெயிலின் உஷ்ணம் உள்ளே தாக்கும். ஆதலால் அழகுக்கென்று மெல்லியதாகக் கடைந்த கூடு குஞ்சுகளுக்கு உதவாது. வெண்ணெயைப் பாதுகாத்து மோரைப் பிரிக்கும் கடைதலுக்கு மாறாக, இங்கே கடைந்தெடுத்த மரம் குப்பைக்குப் போக, எஞ்சிய வெற்றிடமே பறவைக்குப் பயன்படுகிறது. பொந்தில் முட்டையிடும் பறவைக்கு அவ்வெற்றிடமே வீடு; சுற்றியுள்ள மரமெல்லாம் அதன் வேலியேயாகும்.