தாலமியின் பட்டியலில் நம் பக்கத்து ஊர்

திருப்பூர் பனியன் எந்தெந்த நாட்டுக்குப் போகிறது என்பது நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்கே தெரியும். ஆனால் சுமார் 1,850 ஆண்டுகளுக்கு முன்பே நம் பகுதி ஊரை ஒரு கிரேக்க அறிஞர் எழுதி வைத்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் தாலமி. எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்தவர். அவருடைய 'புவியியல்' நூலில் சுமார் 8,000 இடங்கள் அட்சரேகை, தீர்க்கரேகையோடு உள்ளன. அதில் சேர அரசரின் தலைநகராக 'கரூரா' வருகிறது. அது நம் கரூர்தான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. பச்சைக்கல் கிடைக்கும் 'புன்னாட்டா'வும் வருகிறது. அது மைசூருக்குத் தெற்கே கபினிக் கரையில் இருந்த புன்னாடு என்பர். அதே கல் நம் காங்கயம் அருகே படியூரிலும் கிடைத்தது. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் அந்தக் காலத்து மணிப் பட்டறைகளை அகழாய்வில் கண்டெடுத்திருக்கிறார்கள். கோவை வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக்காசுகள் புதையலாகவே கிடைத்தன.

தாலமி இந்தியாவுக்கு வந்தவரல்ல. வணிகர்களும் மாலுமிகளும் சொன்னதையும், முன்னோர் எழுதியதையும் ஒப்பிட்டு எழுதினார். அதனால் தவறுகளும் உண்டு. அவருக்கு முன்பே எரட்டோஸ்தனிஸ் என்ற அறிஞர் பூமியின் சுற்றளவை 2,52,000 ஸ்டேடியா என்று கணக்கிட்டிருந்தார். தாலமி அதை விட்டுவிட்டு 1,80,000 என்ற சிறிய கணக்கை எடுத்துக்கொண்டார். அவர் கணக்கில் நம் தீபகற்பம் தட்டையாகிவிட்டது. இலங்கையோ பல மடங்கு பெரிதாகிவிட்டது. ஆனாலும் விசாரித்து எழுதி வைத்ததால்தான் அந்தப் பெயர்கள் பிழைத்தன.

கொடுமணலில் சாதாரண மக்களும் பானை ஓட்டில் தமிழி எழுத்தில் 'கண்ணன் ஆதன்' என்பது போலத் தம் பெயரைக் கீறி வைத்தார்கள். நாம் என்ன எழுதி வைத்திருக்கிறோம்? மனைப்பிரிவு வருமுன் இங்கே இருந்த தோட்டங்களுக்கும் கிணறுகளுக்கும் இட்டேரிகளுக்கும் பெயர் இருந்தது. இன்று எல்லாம் 'முதல் குறுக்குத் தெரு', 'இரண்டாம் குறுக்குத் தெரு' ஆகிவிட்டன. பழைய பெயர்கள் நம் பெரியவர்கள் சிலரின் நினைவில் மட்டுமே இருக்கின்றன.

விடுமுறையில் பிள்ளைகளை ஒரு நோட்டுடன் அவர்களிடம் அனுப்புங்கள். அப்பிச்சியும் அம்மாயியும் சொல்வதில் சில தவறாகவும் இருக்கலாம், பரவாயில்லை. எழுதியதைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்தால் அடுத்த இதழில் வெளியிடுவோம்.