புகைக்கு ஒரு வழி

போடிமெட்டு மலைப்பாதையில் ஏறி, ஏலத் தோட்டம் எதற்குள்ளாவது போயிருக்கிறீர்களா? போனால், 'ஸ்டோர் எங்கே?' என்று கேட்டுப் பாருங்கள். சாமான் போட்டுவைக்கும் அறையைக் காட்ட மாட்டார்கள். ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்துக்குத்தான் அங்கே அந்தப் பெயர். கம்பம், தேவாரம், போடி பக்கமிருந்து விடிவதற்குள் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறும் பெண்கள் பறிக்கிற பச்சைக்காய், சாயங்காலம் வந்து சேருகிற இடம் அது.

பழைய ஸ்டோர்களின் அமைப்பு ரொம்ப எளிமையானது. வெளிச்சுவர் ஓரமாக ஒரு விறகு அடுப்பு. அதிலிருந்து கிளம்பும் இரும்புக் குழாய் உலர்த்தும் அறைக்குள் புகுந்து, சுற்றி ஓடி, கடைசியில் புகைபோக்கி வழியே கூரைக்கு மேலே போய்விடும். குழாயின் சூடு அறைக்கு. குழாய்க்குள் ஓடும் புகை வானத்துக்கு! சுமார் 50 டிகிரி சூட்டில், ஒரு நாள் போலக் கிடந்து காய் பக்குவமாகக் காயும். குழாயில் ஓட்டை விழுந்து புகை உள்ளே கசிந்துவிட்டால்? பச்சை நிறம் போச்சு... வாசனை போச்சு... போடி ஏலத்தில் விலையும் போச்சு! அதனால்தான் அந்தக் குழாயை அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்வார்கள்.

ஏலக்காய்க்குக் கொடுக்கும் இந்த மரியாதையை நாம் நமக்குக் கொடுத்துக்கொள்கிறோமா என்பதுதான் இந்த வாரக் கேள்வி!

மார்கழிக் குளிரில் மேகமலையிலோ குமுளியிலோ போய்த் தங்குகிறீர்கள். குளியலறையில் வெந்நீர் வேண்டும். கதவைச் சாத்தி, ஜன்னலை இறுக்கி மூடி, குழாயைத் திருகுகிறீர்கள். சுவரில் மாட்டிய பெட்டிக்குள் 'குப்'பென்று கேஸ் பற்றிக்கொள்கிறது. ஆகா, சுடச்சுடத் தண்ணீர்! சரி, அந்தத் தீயின் புகை எங்கே போகிறது?

இந்தக் கேள்வியைக் கேட்க மறந்த முதல் ஆசாமி, கீஸரைக் கண்டுபிடித்தவரேதான்! 1868-ல் லண்டனில், பெஞ்சமின் வாடி மாகன் என்ற அலங்கார பெயின்டர் கேஸ் தீயில் தண்ணீரைச் சூடாக்கும் கருவி ஒன்றைச் செய்தார். ஐஸ்லாந்தில் பூமியைப் பிளந்துகொண்டு பீறிடும் வெந்நீர் ஊற்றின் பெயரையே அதற்கு வைத்தார் - கீஸர். எல்லாம் சரி, புகைபோக்கி மட்டும் கிடையாது! குளிக்கிறவர் சுவாசிக்கும் காற்றிலேயே தீயின் கழிவும் கலந்தது.

பிறகு 1889-ல் அமெரிக்காவில், நார்வேயில் பிறந்த எட்வின் ரூட் என்ற இன்ஜினீயர் தானியங்கி வெந்நீர்த் தொட்டியை உருவாக்கினார். இன்றைய கேஸ் ஸ்டோரேஜ் ஹீட்டர்களின் தாத்தா அது. இன்று நீங்கள் வாங்கும் தொட்டி ஹீட்டரைப் பிரித்துப் பார்த்தால், உங்கள் பாட்டி வீட்டு தாமிர பாய்லர் ஞாபகத்துக்கு வரும். பாய்லரின் நடுவில் ஒரு குழாய் இருக்குமே... அதில் கரியும் கொட்டாங்கச்சியும் போட்டு எரிப்பார்கள். சுற்றிலும் தண்ணீர். இதிலும் அப்படித்தான். அடியில் பர்னர், நடுவில் புகைக்குழாய், சுற்றிலும் தண்ணீர்.

'அப்புறம் என்ன பயம்? பாட்டி பயந்தாளா?' என்பீர்கள். இரண்டு வித்தியாசம் இருக்கிறது. பாட்டியின் பாய்லர் முற்றத்திலோ கொல்லையிலோ, திறந்தவெளியில் இருந்தது. இன்னொன்று, அதன் மூடி சும்மா எடுத்து வைப்பது. ஹீட்டரின் தொட்டியோ நாலாபுறமும் அடைபட்டது. சூடேறும் தண்ணீர் விரியும். விரிய இடமில்லாவிட்டால் அழுத்தம் ஏறும். தெர்மோஸ்டாட் பழுதாகித் தண்ணீர் கொதிநிலையைத் தாண்டிய நேரத்தில் தொட்டி பிளந்தால், அந்தத் தண்ணீர் நொடியில் நீராவியாகிச் சீறும். நீராவிக்குத் தண்ணீரைப்போல ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் இடம் வேண்டும். அது வெடிகுண்டேதான்!

இதற்கு மருந்து முந்நூறு வருஷங்களுக்கு முன்பே கிடைத்துவிட்டது. டெனிஸ் பாபின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-ல் லண்டனில் ஒரு மூடிய சமையல் பாத்திரத்தைச் செய்தார். நம் பிரஷர் குக்கரின் கொள்ளுத்தாத்தா! அது வெடிக்காமல் இருக்க, எடையால் அழுத்தப்பட்ட ஒரு வால்வை அதில் வைத்தார். உள்ளே அழுத்தம் மிஞ்சினால் வால்வு தானாகத் திறக்கும். ஹீட்டர் தொட்டியில் உள்ள பாதுகாப்பு வால்வு அதன் வாரிசுதான். வெப்பம், அழுத்தம் இரண்டில் எது எல்லை மீறினாலும் திறந்துகொள்ளும். 'சொட்டுச் சொட்டா ஒழுகுது சார்' என்று அதில் கட்டையை அடித்து அடைக்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். வால்வை மாற்றுங்கள்; அடைக்காதீர்கள்.

வெடிப்பாவது சத்தம் போடும். சத்தமே போடாத இன்னொரு எதிரிதான் மோசமானவன்.

1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பெரியாறு அணையைத் திறந்துவைத்தார். பென்னி குயிக் கட்டிய அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கிய வருஷம் அது. அதே 1895-ல் இங்கிலாந்தில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி, கார்பன் மோனாக்சைடை வேண்டுமென்றே தானே சுவாசித்துப் பார்த்த சோதனைகளை வெளியிட்டார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் எதனால் சாகிறார்கள் என்று அறியத்தான் இந்த விஷப்பரீட்சை! ரத்தத்தில் அளவு ஏற ஏற, பார்வை மங்கியது. நிற்கவும் நடக்கவும் தடுமாறினார். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். சுரங்கத்துக்குள் சிறு பிராணிகளைக் கொண்டுபோகச் சொன்னவரும் அவர்தான். கேனரிப் பறவை சாய்ந்தால், மனிதர்கள் ஓட வேண்டும்!

உங்கள் குளியலறையில் கேனரி கிடையாது. கேஸ் எரியக் காற்று போதாவிட்டால் இந்த விஷவாயு பிறக்கும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல்... 'வெளியே போகணும்' என்று தோன்றும்போது கால் ஒத்துழைக்காது. நம் நாட்டு மருத்துவ இதழ்களில் 'கேஸ் கீஸர் சிண்ட்ரோம்' என்றே ஒரு பெயர் புழங்குகிறது. குளிக்கப் போனவர் மயங்கி விழுந்து கைகால் இழுக்க, வலிப்பு நோய் என்று தவறாக நினைத்து வைத்தியம் நடந்த கதைகளும் அவற்றில் உண்டு.

ஆக, ஹீட்டரை எங்கே மாட்டுவது? தொட்டி வைத்ததோ, உடனடியாகச் சூடாக்குவதோ, குளியலறைக்குள் வேண்டவே வேண்டாம். வெளியே, மழை படாத, காற்றோட்டமான தாழ்வாரத்தில் மாட்டுங்கள். உள்ளே வெந்நீர்க் குழாய் மட்டும் வரட்டும். கட்டடத்துக்குள்தான் வைத்தாக வேண்டுமென்றால், அதற்கென்று தனியிடம், காற்று வர நிரந்தரத் திறப்பு, கூரைக்கு மேலே போகும் புகைக்குழாய் மூன்றும் கட்டாயம். குழாய் மேல்நோக்கியே ஏற வேண்டும். பறவை கூடு கட்டியிருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறை பாருங்கள். பக்கத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால், வெளியேறும் புகையை அது திரும்ப உள்ளே இழுத்துவிடும், ஜாக்கிரதை!

சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் படுத்துக்கிடக்கும். அதனால் சிலிண்டரைப் பள்ளத்திலோ நிலவறையிலோ வைக்கக் கூடாது. இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. கேஸ் வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாமல் சிலிண்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள்.

தொட்டி நிரம்பி, வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வந்த பிறகே தீ மூட்ட வேண்டும். சூடு, ஏலக்காய் ஸ்டோரின் அதே 50 டிகிரி போதும். 60 டிகிரி தண்ணீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாகத் தெரிந்தால் உடனே அணைத்து மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, காசில்லாத ஒரு சோதனை. கேஸ் கசிவு இல்லை என்று உறுதியான பிறகு, சில நிமிடம் ஹீட்டரை ஓடவிட்டு, புகைக்குழாய் தொடங்கும் இடத்தில் ஓர் ஊதுபத்தியைக் காட்டுங்கள். அதன் புகை உள்ளே இழுக்கப்பட்டால் சரி. உங்கள் முகத்தை நோக்கித் திரும்பினால், ஹீட்டரை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

விலை குறைந்துவிடுமே என்று ஒரு ஏலக்காய் முதலாளி தன் குழாயைப் பார்த்துக்கொள்கிறார். உங்கள் வீட்டில் குளிப்பவர்களுக்கு விலை போடவா முடியும்?