தாவீது தொகையிட்டதில் குற்றம் யாது?

எண்ணாகமத்தில் ஜனங்கள் இருமுறை எண்ணப்பட்டனர், குற்றமில்லை. தாவீது எண்ணியபோதோ கொள்ளைநோயால் 70,000 பேர் மாண்டனர். அவனது பெருமையே காரணம் எனப் பிரசங்கிப்பது நமக்கு எளிது. 2 சாமுவேல் 24 அவ்வாறு கூறவில்லை. படைக்காக எண்ணியதே குற்றம் எனவும் இயலாது. மோசேயும் யுத்தத்திற்குப் புறப்படத்தக்கவர்களையே எண்ணினான்.

யாத்திராகமம் 30-ஆம் அதிகாரத்தை நாம் கவனித்தல் வேண்டும். எண்ணப்படுகிற ஒவ்வொருவனும் தன் ஆத்துமாவை மீட்கும் பொருளாக அரைச்சேக்கல் செலுத்தக்கடவன், வாதை உண்டாகாதபடிக்கு. ஐசுவரியவானுக்கும் தரித்திரனுக்கும் ஒரே அளவு. எண்ணப்பட்டவன் அரசனுடையவனல்லன், கர்த்தருடையவன் என்பதே இதன் கருத்தென நாம் கொள்கிறோம். யோவாப் 9 மாதமும் 20 நாளும் தேசமெங்கும் சுற்றித் தொகையைக் கொணர்ந்தான். மீட்கும் பொருளைப்பற்றியோ பேச்சே இல்லை. (போர்வீரனாகிய அவனே இதற்கு மறுப்புரைத்தவன் என்பதும் நோக்கத்தக்கது.)

அரைச்சேக்கல் பணம் ஆசரிப்புக் கூடாரத்தின் திருப்பணிக்குரியது. தாவீது 50 சேக்கல் வெள்ளிக்கு வாங்கிப் பலிபீடம் கட்டிய அர்வனாவின் களத்திலேயே சாலொமோன் ஆலயத்தைக் கட்டினான் என்கிறது 2 நாளாகமம் 3:1.