கொள்ளைநோயும் மக்கள் வாய்மொழியும்

1934ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இலங்கையிற் பரவிய மலேரியாக் கொள்ளைநோய், சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. தென்மேற்குப் பருவமழை பொய்த்தமையால் ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அவற்றில் நுளம்பு பெருகிற்று. கேகாலை, குருநாகல் மாவட்டங்களே பெரிதும் நலிந்தன. கண்டியைச் சூழ்ந்த ஊர்களும் தப்பவில்லை.

இவற்றை அரசாங்க அறிக்கைகள் செவ்வனே கூறும். ஆயின், வீட்டார் அனைவரும் ஒருங்கே காய்ச்சலில் வீழ்ந்தபோது அவர்க்குக் கஞ்சி வார்த்தவர் யாவர்? விளைவு குன்றிய அவ்வாண்டில் விதைநெல்லுக்கு என் செய்தனர்? இவ்வினாக்களுக்கு விடையறிந்தோர் ஏடெழுதாத எளிய மக்களே. அவருட் பெரும்பாலார் இன்று இல்லை.

வாய்மொழியை அப்படியே சரித்திரமாகக் கொள்ளலும் தகாது. முதியோர் பலர் ஆண்டைச் சொல்லார். பெரஹரா முடிந்த பின் என்றோ, மூத்த பிள்ளை பிறந்த காலம் என்றோ நினைவுகூர்வர். அதனைப் பிறப்பு இறப்புப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுத் துணிதல் ஆய்வாளன் கடன். ஆயினும், கூறியவர் சொற்களைத் திருத்தாது எழுதிக்கொள்ளல் வேண்டும். அச்சமும் பசியும் பதிவேட்டில் இல்லை.

2020இல் வந்த கொவிட் பெருந்தொற்றுக்கோ சாட்சிகள் நம்மிடையே உளர். மார்ச் 20இல் தொடங்கிய ஊரடங்கில் நாட்கூலி இழந்தோர், தோட்ட லயத்தின் சிற்றறையில் நோய்க்கு அஞ்சி ஒதுங்கியிருந்தோர், 2021 பெப்ரவரி வரை நீடித்த கட்டாயத் தகன விதியால் இறந்தோரை அடக்கஞ் செய்ய இயலாத முஸ்லிம் குடும்பத்தினர் ஆகிய யாவர் கூற்றும் சிங்களத்திலும் தமிழிலும் தொகுக்கப்படல் வேண்டும். மாணவர் தத்தம் இல்லத்து மூத்தோரிடமே இப்பணியைத் தொடங்கலாம்.